டெஸ்ட்ல ஆல்டைம் பெஸ்ட் ஓப்பனர் யாரு? வெறும் ஆவரேஜ வெச்சு சொல்லாதீங்க

புதுப்பந்து:
ரொம்ப நாளா ஓடிட்டிருக்கற கேள்வி இது. ஆல்டைம் லெவன் போடுறப்ப மூணாவது எடத்துல பிராட்மேன்னு எல்லாரும் கண்ண மூடிட்டு எழுதிடறோம், மேல இருக்கற ரெண்டு எடத்துக்குத்தான் சண்டையே வருது. என் ஓட்டு கவாஸ்கருக்கு. 125 டெஸ்ட், 10122 ரன், ஆவரேஜ் 51.12, 34 செஞ்சுரி, 10000 ரன்ன மொதல்ல தொட்ட ஆளு, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அத சொல்றதுக்கு நான் இத ஆரம்பிக்கல. ஓப்பனரோட, அதாவது இன்னிங்ஸ ஆரம்பிக்க மொதல்ல எறங்குறவரோட, வேலை என்னன்னு மொதல்ல பேசணும். அஞ்சாவதா எறங்குறவருக்கும் ஓப்பனருக்கும் ஆவரேஜ் 50ன்னா அது ரெண்டும் ஒண்ணு கெடையாது. ஒன்றரை நாள் வெயில்ல ஃபீல்டிங் பண்ணி கால் ஓஞ்சு போயி உள்ள வந்து, பத்து நிமிஷத்துல பேடு கட்டிட்டு, சாயங்காலம் கடைசி அரை மணி நேரம், எதிர்ல இருக்கறவன் புத்தம் புது பந்தோட முழு வேகத்துல ஓடி வருவான், அந்த அரை மணி நேரத்துல அடிச்சாலும் அஞ்சு பத்து ரன்னுதான், அவுட்டானா மேட்ச்சே போச்சு. இந்த வேலைய யாரு நல்லா பண்ணாங்க, அத வெச்சு சொல்லுங்க.

முல்தான்309:
சேவாக். யோசிக்கவே வேணாம். நியூ பால் நியூ பால்னு எல்லாரும் ஏதோ பேயப் பாத்த மாதிரி பேசறோம், அவரு அத அப்படியே திருப்பிப் போட்டாரு. பந்து புதுசா இருக்கறப்பதான் மூணு ஸ்லிப்பு கல்லி எல்லாம் நிக்குது, பவுண்டரி பக்கம் ஆளே இல்ல, அப்ப அடிக்காம வேற எப்ப அடிக்கறது. 104 டெஸ்ட், 8586 ரன், 49.34, ஸ்ட்ரைக் ரேட் (நூறு பந்துக்கு எத்தன ரன்னு) 82க்கு மேல. இந்த வேகத்துல இந்த ஆவரேஜ் வெச்சிருந்த ஓப்பனர் வேற யாராவது இருக்காங்களா. ரெண்டு ட்ரிபிள் செஞ்சுரி, முல்தான்ல 309, சென்னைல ஸ்டெயின், நிட்டினி, மோர்க்கல் மூணு பேரும் போட 319, அதுல 300 வந்தது 278 பந்துல. டெஸ்ட் ஜெயிக்கணும்னா 20 விக்கெட் எடுக்கணும், 20 விக்கெட் எடுக்க டைம் வேணும், அந்த டைம பவுலருக்கு சம்பாதிச்சுக் குடுத்தது அவரு. நீங்க சொல்ற அந்த அரை மணி நேரத்த தாக்குப் புடிக்கற ஓப்பனர் நூறு பேரு இருக்காங்க ப்ரோ, அந்த அரை மணி நேரத்துல எதிர் கேப்டன் ஸ்லிப்ப எடுத்து பவுண்டரில நிறுத்தற மாதிரி பண்ண ஆளு ஒருத்தர்தான்.

நாலாவதுஇன்னிங்ஸ்:
சேவாக் எனக்கும் புடிக்கும், ஆனா பூசி மெழுக வேணாம். அவரோட 23 செஞ்சுரில டீமோட ரெண்டாவது இன்னிங்ஸ்ல அடிச்சது எத்தனன்னு பாருங்க. ஒண்ணே ஒண்ணு, 2008 அடிலெய்டு 151. ரெண்டாவது இன்னிங்ஸ் ஆவரேஜ் 30 பக்கத்துலதான் நிக்குது. இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, மூணு நாட்டுலயும் அங்க ஆடுன ஆவரேஜ் 30ஐ தாண்டல. பந்து ஸ்விங் ஆகற எடத்துலயும் பிட்ச் ஒடஞ்ச பிறகும் ரன் வரலன்னா "ஆல்டைம் பெஸ்ட் ஓப்பனர்"னு எப்படி சொல்றது.

எனக்கு தென்னாப்பிரிக்காவோட கிரேம் ஸ்மித். இவர எல்லாரும் மறந்துடறாங்க, ஏன்னா பாக்க அழகா இருக்காது, மட்டைய லெக் சைடு பக்கம் திருப்பித் திருப்பி அடிப்பாரு. 117 டெஸ்ட், 9265 ரன், 48.25, 27 செஞ்சுரி, 22 வயசுல கேப்டன் ஆகி 109 டெஸ்ட்ல கேப்டனாவே ஆடுனவரு. நாலாவது இன்னிங்ஸ்ல, அதாவது மேட்ச்சோட கடைசி இன்னிங்ஸ்ல, மட்டும் 4 செஞ்சுரி, நாலுமே டீம் ஜெயிச்ச மேட்ச். 2004 வெலிங்டன் 125 நாட் அவுட், 2008 எட்பாஸ்டன்ல 281 சேஸ் பண்றப்ப 154 நாட் அவுட், அதே வருஷம் பெர்த்ல 414 சேஸ் பண்றப்ப 108, 2011 கேப்டவுன்ல ஆஸ்திரேலியாவ 47க்கு சுருட்டுன மேட்ச்ல 101 நாட் அவுட். அடுத்து வர்றவன் நிம்மதியா பேடு கட்டிட்டு உக்காரணும், ஓப்பனர்னா அதான்.

முல்தான்309:
// ரெண்டாவது இன்னிங்ஸ் ஆவரேஜ் 30 பக்கத்துலதான் நிக்குது //

ஆவரேஜ் அப்படித்தான், மறுக்கல. ஆனா 2008 டிசம்பர் சென்னை டெஸ்ட்ட மறந்துட்டீங்க. இங்கிலாந்து 387 டார்கெட் குடுத்துட்டு டிராவுக்கு மேல ஒண்ணும் நடக்காதுன்னு இருந்தப்ப, நாலாவது நாள் சாயங்காலம் 68 பந்துல 83 அடிச்சாரு. செஞ்சுரி இல்ல, அதனால உங்க லிஸ்ட்ல வராது. அந்த 83 இல்லன்னா அடுத்த நாள் சச்சின் அடிச்ச 103க்கு வேலையே இருந்திருக்காது. இதான் நான் சொல்றது, அவரோட இன்னிங்ஸ்ஸ ரன்ன வெச்சு அளக்க முடியாது, அவரு அவுட்டான பிறகு மேட்ச் எங்க நின்னுச்சுன்னு பாத்து அளக்கணும்.

அப்பறம் 2002 டிரெண்ட் பிரிட்ஜ். ஓப்பனரா ரெண்டாவது டெஸ்ட், மேகமூட்டம், இங்கிலாந்து பந்து, 106. ஸ்விங்ல ஆட முடியாத ஆளா இவரு?

ஆஃப்ஸ்டம்ப்:
இங்க யாருமே இங்கிலாந்தோட குக் பேரச் சொல்லலயே, ஆச்சரியமா இருக்கு. 161 டெஸ்ட், 12472 ரன், 33 செஞ்சுரி. அதுல 159 டெஸ்ட் ஒண்ணு கூட விடாம தொடர்ச்சியா ஆடியிருக்காரு. ஓப்பனருக்கு ஒடம்புதான் மொத ஆயுதம்னு நெனைக்கிறவன் நான். 2010-11 ஆஷஸ்ல (இங்கிலாந்து-ஆஸ்திரேலியா சீரிஸ்) ஆஸ்திரேலியாவுக்குப் போயி 766 ரன், 2012ல இந்தியாவுக்கு வந்து சுழல் பிட்ச்ல மூணு செஞ்சுரி அடிச்சு சீரிஸ 2-1 ஜெயிச்சுட்டுப் போனாரு. வெளிநாட்டு ஓப்பனர் ஒருத்தரு இந்தியாவுல வந்து சீரிஸ மாத்துனது அதுக்கு முன்னாடி 2001ல ஹேடன், மூணு டெஸ்ட்ல 549 ரன், அதுவும் சீரிஸ் தோத்துப் போச்சு.

லேட்கட்:
குக் பெரிய ஆளு, ஆனா ஆவரேஜ் 45. ஆவரேஜ வெச்சுப் பேசாதீங்கன்னு தலைப்புல இருக்கு, சரி, ஆனா 50க்கும் 45க்கும் நடுவுல இருக்கற அந்த அஞ்சு ரன்ன 161 டெஸ்ட்டுக்குப் பெருக்கிப் பாத்தா சின்ன விஷயம் கெடையாது. நெறைய ஆடுனாருங்கறது வேற, நல்லா ஆடுனாருங்கறது வேற.

பழையஸ்கோர்கார்டு:
எல்லாரும் 1970க்கு அப்பறம்தான் கிரிக்கெட்டே ஆரம்பிச்ச மாதிரி பேசறீங்க. ஓப்பனிங்குன்னா என்னன்னு உலகத்துக்கு சொல்லிக்குடுத்தது இங்கிலாந்தோட ஜாக் ஹாப்ஸ். 61 டெஸ்ட்ல 5410 ரன், ஆவரேஜ் 56.94. பிட்ச்ச மூடி வெக்காத காலம், ராத்திரி மழை பெஞ்சா காலைல வெயில்ல பிட்ச் காய ஆரம்பிக்கும், அப்ப ஒரு பந்து முழங்காலுக்கு வரும், அதே எடத்துல விழுந்த அடுத்த பந்து தொண்டைக்கு எகிறும். 1926 ஓவல் டெஸ்ட், ஆஷஸ் முடிவு பண்ற மேட்ச், ராத்திரி இடி மழை, அடுத்த நாள் அந்தப் பிட்ச்ல ஹாப்ஸும் சட்கிளிஃபும் எறங்கி மொத விக்கெட்டுக்கு 172. ஹாப்ஸ் 100, சட்கிளிஃப் 161. ஆஸ்திரேலியா 289 ரன்ல தோத்துப்போச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு மெல்போர்ன், 332 டார்கெட், மறுபடியும் மழைல நனைஞ்ச பிட்ச், எல்லாரும் நூறுக்குள்ள சுருண்டுடுவாங்கன்னு நெனைச்ச எடத்துல இவங்க ரெண்டு பேரும் மொத விக்கெட்டுக்கு 105. அந்த மேட்ச்சையும் ஜெயிச்சாங்க. அதே மைதானத்துல அடுத்த சில வாரத்துல ஹாப்ஸ் 142 அடிக்கறப்ப வயசு 46. டெஸ்ட்ல அந்த வயசுல செஞ்சுரி அடிச்சவங்க அதுக்கு அப்பறம் யாரும் இல்ல.

ஜோடியா பாருங்க. வெஸ்ட் இண்டீஸோட கிரீனிட்ஜும் ஹேன்ஸும் 148 இன்னிங்ஸ் சேந்து எறங்கி 16 தடவ நூறு தாண்டுனாங்க. ஹாப்ஸ் சட்கிளிஃப் 38 இன்னிங்ஸ்ல 15 தடவ. ஒரு தடவ சேந்து எறங்குனா சராசரி 87 ரன் மொத விக்கெட்டுக்கு. நான் வேற எதுவும் சொல்லத் தேவையில்ல.

லேட்கட்:
சார் உங்க மேல மரியாத உண்டு, ஆனா அந்தக் காலத்து எல்பிடபிள்யூ ரூல (ஸ்டம்புக்குப் போற பந்து கால்ல பட்டா அவுட்டுங்கறது) நீங்க விட்டுட்டீங்க. 1935 வரைக்கும் ஆஃப் ஸ்டம்புக்கு வெளில பிட்ச் ஆகி உள்ள வர்ற பந்துக்கு எல்பிடபிள்யூவே கெடையாது. கால குறுக்க நீட்டி பேடுல வாங்கிட்டு நிக்கலாம், யாரும் கேக்க முடியாது. இன்னிக்கு ஓப்பனர் அவுட் ஆகறதுல பாதி அந்தப் பந்துலதான். அப்பறம் ஹாப்ஸ் ஆடுனது மொத்தமே மூணு டீமோட, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, வெஸ்ட் இண்டீஸ். வெஸ்ட் இண்டீஸ் அப்பதான் டெஸ்ட்டுக்குள்ளயே வந்துச்சு. ஒரே சீரிஸ்ல நாலு பேரு 145 வேகத்துல மாத்தி மாத்திப் போடறது அந்தக் காலத்துல கெடையாது.

பழையஸ்கோர்கார்டு:
எல்பிடபிள்யூ விஷயம் சரிதான், நான் அத சொல்லியிருக்கணும். ஆனா பேடுல வாங்கலாங்கறதால ஈரப் பிட்ச்ல எகிறி தொண்டைக்கு வர்ற பந்து நின்னுடுமா தம்பி? பேடு முழங்காலுக்குத்தான் இருக்கு. தலைல தொப்பி, கைல இன்னிக்கு இருக்கறதுல பாதி கூட இல்லாத கிளவுஸ். அப்பறம் மூணு டீம்னு சொல்றீங்க, அதுல தென்னாப்பிரிக்கால 1909-10ல மேட் விரிச்ச பிட்ச்ல, கூக்ளி (லெக் ஸ்பின் மாதிரி போட்டு எதிர்ப் பக்கம் திரும்பற பந்து) போடறவங்க வரிசையா இருந்த டீமுக்கு எதிரா 539 ரன் அடிச்சாரு. அப்ப கூக்ளிங்கறதே புதுசு, பாத்துப் பழகுன ஆளே கம்மி.

சரி, புது ரூல்ல ஆடுனவருதான் வேணும்னா ஹட்டன எடுத்துக்கோங்க. 79 டெஸ்ட், 6971 ரன், 56.67. 22 வயசுல ஓவல்ல 364. அதுக்கப்பறம் போர் வந்து 23 வயசுலேந்து 30 வரைக்கும், ஒரு பேட்ஸ்மேனோட நல்ல வயசு அத்தனையும் போச்சு. அதுல 1941ல பயிற்சில கை ஒடஞ்சு, ஆபரேஷன் பண்ணி, இடது கை வலது கைய விட சின்னதா போயிடுச்சு. முன் கை சின்னதா இருந்தா மட்டைய எப்படிப் புடிப்பீங்க, எப்படி டிரைவ் பண்ணுவீங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. அந்தக் கையோட திரும்பி வந்து ஆஸ்திரேலிய ஃபாஸ்ட் பவுலர் லிண்ட்வால், மில்லர் ரெண்டு பேரையும் ஆடுனாரு. 1948 ஓவல்ல இங்கிலாந்து 52க்கு ஆல் அவுட், அதுல ஹட்டன் 30, கடைசி விக்கெட்டா அவுட் ஆனவரு. 1950-51ல ஆஸ்திரேலியா போயி 88 ஆவரேஜ், அந்த சீரிஸ்ல மத்த இங்கிலாந்து பேட்ஸ்மேன் யாரும் பக்கத்துல கூட இல்ல.

புதுப்பந்து:
சார், அந்தக் கை விஷயம் எனக்குத் தெரியாது. 364 மட்டும்தான் தெரியும். ஹட்டன நான் ரெண்டாவது எடத்துல வெச்சுக்கறேன், ஆனா கவாஸ்கர மாத்த மாட்டேன்.

லேட்கட்:
புதுப்பந்து ப்ரோ, இப்ப உங்ககிட்ட வர்றேன். கவாஸ்கர் பேரு எடுத்தாலே எல்லாரும் சொல்றது வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரா 13 செஞ்சுரி, ஹெல்மெட் இல்லாம நாலு ஃபாஸ்ட் பவுலர ஆடுனாருங்கறது. அந்த 13ஐ பிரிச்சுப் பாப்போம். 1971ல 4 செஞ்சுரி, 774 ரன். அப்ப ஹாலும் இல்ல கிரிஃபித்தும் இல்ல, ராபர்ட்ஸ் ஹோல்டிங் எல்லாம் இன்னும் வரல. 1978-79ல 4 செஞ்சுரி, பேக்கர் நடத்துன தனியார் சீரிஸுக்குப் போனதால மெயின் டீமே வரல. 1976ல போர்ட் ஆஃப் ஸ்பெயின்ல 406 அடிச்சு ஜெயிச்ச மேட்ச்ல 102, அதுல வெஸ்ட் இண்டீஸ் மூணு ஸ்பின்னர வெச்சு ஆடுச்சு. 1983ல அங்க போனப்ப ஜார்ஜ்டவுன்ல 147 நாட் அவுட், மழைல போன மேட்ச், அந்த சீரிஸ்ல மத்த இன்னிங்ஸ் எல்லாத்தையும் கூட்டுனா 93 ரன். அப்ப நாலு ஃபாஸ்ட் பவுலர் முழு பலத்தோட இருந்து அடிச்சதுன்னு பாத்தா எத்தன மிஞ்சுது? அவரு கிரேட் இல்லன்னு சொல்லல. அந்த 13ங்கற நம்பர அப்படியே தூக்கிட்டு வராதீங்கன்னு சொல்றேன்.

முல்தான்309:
இதுக்கு பதில் சொல்லுங்க புதுப்பந்து. சேவாக்குன்னா நாடு நாடா ஆவரேஜ் பிரிச்சுப் பாக்கறீங்க, கவாஸ்கருக்கு மட்டும் மொத்த நம்பரா? ஒரு கண்ணுல வெண்ணெய் ஒரு கண்ணுல சுண்ணாம்பா?

புதுப்பந்து:
லேட்கட் சொன்ன கணக்கு சரி. நானும் பல தடவ அந்த 13ஐ அப்படியே சொல்லியிருக்கேன், இனிமே பிரிச்சுதான் சொல்லுவேன்.

ஆனா பிரிச்ச பிறகு என்ன இருக்குன்னு பாருங்க. 1971ல அவருக்கு வயசு 21, மொத சீரிஸ், விரல்ல பிரச்சன வந்து மொத டெஸ்ட் ஆடவே இல்ல, நாலு டெஸ்ட்லதான் அந்த 774. கடைசி டெஸ்ட்ல பல் வலியோட 124, 220. ஃபாஸ்ட் பவுலர் இல்லன்னே வெச்சுக்குவோம், சோபர்ஸ் இருந்தாரு, அது வரைக்கும் அந்த நாட்டுல ஒரு டெஸ்ட் கூட ஜெயிக்காத டீமு நம்மளோடது, சீரிஸ ஜெயிச்சுட்டு வந்துச்சு. 1976ல மூணு ஸ்பின்னர் மேட்ச பத்தி சொன்னீங்க, அதுக்கு அடுத்த மேட்ச்ச சொல்லல. கிங்ஸ்டன் சபைனா பார்க், ஹோல்டிங், டேனியல் ரெண்டு பேரும் தலைக்கும் நெஞ்சுக்கும் குறி வெச்சுப் போட்டாங்க, ஒரு ஓவருக்கு இத்தன பவுன்சர்தான்னு ரூலே இல்ல, அது 1991லதான் வந்துச்சு. அங்க கவாஸ்கரும் கெய்க்வாடும் மொத விக்கெட்டுக்கு 136. கவாஸ்கர் 66. கெய்க்வாட் 81ல காதுல அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாரு. ரெண்டாவது இன்னிங்ஸ்ல 97க்கு 5 விக்கெட்டோட இன்னிங்ஸ் முடிஞ்சுது, மிச்ச பேருக்கு அடிபட்டு எறங்கவே முடியல. அந்த 66 எந்த செஞ்சுரி லிஸ்ட்லயும் வராது. முல்தான், நீங்க 83ஐ சொன்ன மாதிரிதான் இதுவும்.

1983-84 நம்ம ஊர் சீரிஸ்ல மார்ஷல், ஹோல்டிங், ராபர்ட்ஸ் எல்லாரும் வந்தாங்க, உலகக் கோப்பைல தோத்த கோவத்தோட. கான்பூர்ல மார்ஷல் பந்துல மட்டையே கைய விட்டுப் போச்சு, 0, 7. எல்லாரும் முடிஞ்சுதுன்னு சொன்னாங்க. அடுத்த டெஸ்ட் டெல்லில 94 பந்துல செஞ்சுரி, 121. தடுத்து நின்னே பேரு வாங்குன ஆளு, அடுத்த மேட்ச்லயே ஹூக் ஷாட்ட வெளில எடுத்து மார்ஷல அடிச்சாரு. அதுக்கடுத்து அகமதாபாத்ல 90. கல்கத்தால மேட்ச்சோட மொத பந்துலயே அவுட். அதுக்கப்பறம் சென்னைல 236 நாட் அவுட். ஒரே சீரிஸ்ல இத்தன தடவ விழுந்து எழுந்த ஓப்பனர நான் வேற பாக்கல.

இன்னும் வெஸ்ட் இண்டீஸ் தவிர. 1974 ஓல்ட் டிராஃபோர்டு குளிர்ல 101. 1983 ஃபைசலாபாத்ல இம்ரான் அந்த சீரிஸ்ல 40 விக்கெட் எடுத்துட்டிருந்தப்ப, ஓப்பனரா எறங்கி கடைசி வரைக்கும் அவுட் ஆகாம 127, டீம் ஸ்கோர் 286. 1979 ஓவல் 438 டார்கெட், சௌகானோட மொத விக்கெட்டுக்கு 213, இவரு 221, டீம் 429க்கு 8, ஒம்பது ரன் கம்மி.

நாலாவதுஇன்னிங்ஸ்:
கவாஸ்கரோட நாலாவது இன்னிங்ஸ் ஆவரேஜ் 58, ஸ்மித்த விட மேல, அத நானே சொல்லிடறேன். 4 செஞ்சுரி இவருக்கும் இருக்கு. ஆனா அதுல ஜெயிச்சது போர்ட் ஆஃப் ஸ்பெயின் ஒண்ணுதான். 1971 பிரிட்ஜ்டவுன் டிரா, 1977 பிரிஸ்பேன் தோல்வி, ஓவல் டிரா. ஸ்மித்துக்கு நாலுமே வெற்றி.

புதுப்பந்து:
ஸ்மித்துக்குப் பின்னாடி காலிஸ், அம்லா, டிவில்லியர்ஸ் இருந்தாங்க, பவுலிங்குக்கு ஸ்டெயின் இருந்தாரு. ஓப்பனரு தனியா மேட்ச ஜெயிச்சுட முடியாது சார், கூட யாரு இருக்காங்கங்கறதும் இருக்கு. அந்த பிரிஸ்பேன் மேட்ச்ல நாம தோத்தது 16 ரன்ல, பெங்களூர்ல 1987ல தோத்ததும் 16 ரன்ல.

அந்த பெங்களூர் மேட்ச்தான் நான் கடைசியா சொல்லணும்னு வெச்சிருந்தது. பாகிஸ்தான் மொத இன்னிங்ஸ் 116, மணிந்தர் 7 விக்கெட். பிட்ச் மொத நாளே ஒடஞ்சுது. நமக்கு டார்கெட் 221. இக்பால் காசிமும் தௌசிஃப் அகமதும் போட்ட பந்து ஒண்ணு தரையோட போகுது, ஒண்ணு தோளுக்கு எகிறுது. கவாஸ்கர் 96. அதுதான் அவரோட கடைசி டெஸ்ட் இன்னிங்ஸ். வேகப் பந்துக்கு மட்டும் ஆளுன்னு நெனைக்கறவங்க அந்த ஸ்கோர்கார்ட ஒரு தடவ எடுத்துப் பாருங்க, நம்ம டீம்ல மத்தவங்க என்ன அடிச்சாங்கன்னு பாருங்க. எதிர் டீம்ல எக்கச்சக்கமா வேகம் இருந்தாலும் சரி, மண்ணு பறந்தாலும் சரி, ஆஃப் ஸ்டம்பு எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியும். அவ்ளோதான் என் வாதம்.

முல்தான்309:
மண்ணு பறக்கற பிட்ச்னு நீங்களே எடுத்துக் குடுத்துட்டீங்க. 2008 காலே. இலங்கையோட முரளி ஒரு பக்கம், மெண்டிஸ் ஒரு பக்கம். மெண்டிஸ் அந்த சீரிஸ்லதான் டெஸ்ட்டுக்குள்ள வந்தாரு, விரல்ல சுண்டி விடற அந்தப் பந்து எந்தப் பக்கம் போகுதுன்னு உலகத்துல ஒருத்தருக்கும் புரியல, மூணு டெஸ்ட்ல 26 விக்கெட். டிராவிட் 2, சச்சின் 5, கங்குலி 0. இந்த மூணு பேரு ஸ்பின் ஆடத் தெரியாதவங்கன்னு யாராவது சொல்லுவீங்களா? அதே பிட்ச்ல, அதே பவுலர், சேவாக் எறங்குனதுலேந்து கடைசி வரைக்கும் நாட் அவுட் 201, டீம் மொத்தம் 329. இந்தியா அந்த மேட்ச்ச ஜெயிச்சுது, மத்த ரெண்டையும் தோத்துது. உங்க ஃபைசலாபாத் 127க்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டு பேருமே கடைசி வரைக்கும் நின்னாங்க. என் ஆளு ஜெயிக்கவும் வெச்சாரு.

அவருக்கு ஃபுட்வொர்க் இல்லன்னு ஆயிரம் தடவ கேட்டாச்சு. கால் நகரல, தல ஆடல, பந்த பாத்து அடிச்சாரு. முரளிய அப்படி ஆடுனவங்க எத்தன பேரு.

பழையஸ்கோர்கார்டு:
காலே இன்னிங்ஸ் பெரிய இன்னிங்ஸ்தான், அத ஒத்துக்கறதுல எனக்கு ஒரு தயக்கமும் இல்ல. சேவாக்க நான் கொஞ்சம் கம்மியா எடை போட்டு வெச்சிருந்தேன். ஆனா தம்பி, எட்பாஸ்டன் 2011ஐயும் பாக்கணும், ரெண்டு இன்னிங்ஸ்லயும் மொத பந்துலயே அவுட்.

முல்தான்309:
சார் அது தோள்பட்ட ஆபரேஷன் முடிஞ்சு நேரா வந்து ஆடுன மேட்ச். அத வெச்சு ஒருத்தர எடை போடக்கூடாது. ஹட்டனுக்கு கை ஒடஞ்சத கணக்குல எடுக்கறீங்கல்ல.

பழையஸ்கோர்கார்டு:
நியாயம்தான். அத எடுத்துடறேன்.

ஆஃப்ஸ்டம்ப்:
பாரி ரிச்சர்ட்ஸ் பேரும் வரும்னு நெனைச்சேன். 4 டெஸ்ட், 508 ரன், 72 ஆவரேஜ், அதுக்கப்பறம் தென்னாப்பிரிக்காவ கிரிக்கெட்லேந்து தள்ளி வெச்சுட்டாங்க.

லேட்கட்:
அவரு எவ்ளோ பெரிய ஆளா வந்திருப்பாருன்னு கவுண்டி பாத்தவங்க எல்லாரும் சொல்றாங்க. ஆனா 4 டெஸ்ட்ட வெச்சு இந்த லிஸ்ட்ல வெக்க முடியாது, ஒரே சீரிஸ் தான் ஆடியிருக்காரு.

எனக்கு இன்னொரு விஷயம் கேக்கணும். கிரீனிட்ஜ். 1984 லார்ட்ஸ்ல கடைசி நாள் 342 டார்கெட், ஒரே விக்கெட் இழந்து ஜெயிச்சாங்க, அவரு 214 நாட் அவுட். 108 டெஸ்ட்ல ஆவரேஜ் 44தான், அதனால லிஸ்ட்ல கீழ போயிடறாரு. அந்தக் காலத்துல உலகத்தோட பெஸ்ட் ஃபாஸ்ட் பவுலர் நாலு பேரும் அவரு டீம்லயே இருந்தாங்க, அவங்கள டெஸ்ட்ல ஆட வேண்டிய கஷ்டம் இவருக்கு இல்ல. கவாஸ்கருக்கு இருந்துச்சு. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் மேல அவ்ளோ கேள்வி கேட்டும் கடைசில கவாஸ்கர கிரீனிட்ஜுக்கு மேலதான் வெக்கறேன்.

ஆனா ஒண்ணு பாக்கி இருக்கு புதுப்பந்து ப்ரோ. நீங்க பட்டியல்ல சேத்த சென்னை 236. அதுல அவரு ஓப்பனரே இல்ல. நாலாவதா எறங்குனாரு. ஓப்பனர் வேலைய பத்திதான் பேசணும்னு மொத போஸ்ட்ல நீங்கதான் சொன்னீங்க.

புதுப்பந்து:
நாலாவதா எறங்குனாரு, கரெக்ட். எப்ப எறங்குனாருன்னு பாருங்க. மார்ஷல் கெய்க்வாட, வெங்சர்க்கார ரெண்டு பேரையும் டக் அவுட் ஆக்கிட்டாரு, ஸ்கோர் 0க்கு 2. எங்க எறங்குனாலும் ஸ்கோர் சைபர்தான்னு விவியன் ரிச்சர்ட்ஸ் அப்ப அவருகிட்ட சொன்னத கவாஸ்கரே சொல்லியிருக்காரு. பந்து புதுசு, பவுலர் ஃப்ரெஷ், போர்டுல ஒரு ரன் கூட இல்ல, இதுக்குப் பேரு ஓப்பனிங் இல்லாம வேற என்ன?

லேட்கட்:
உணர்வு புரியுது, ஆனா ஸ்கோர்கார்டுல நம்பர் 4ன்னுதான் இருக்கு. 0க்கு 2ல எறங்குன எல்லா நம்பர் 4 பேட்ஸ்மேனையும் ஓப்பனர்னு சொல்ல ஆரம்பிச்சா இந்தக் கணக்குக்கு முடிவே இருக்காது.

முல்தான்309:
இதுல நான் புதுப்பந்து பக்கம். சைபர்ல எறங்குனா ஓப்பனர்தான். அந்த 236 அப்ப வரைக்கும் இந்தியருக்கு டெஸ்ட்ல அதிகபட்ச ஸ்கோர், மன்கட்டோட 231ஐ தாண்டுனது, பிராட்மேனோட 29 செஞ்சுரிய தாண்டுன 30வதும் அதான். அத நம்பர் 4 கணக்குல எழுதறது எனக்கே மனசு வரல.

பழையஸ்கோர்கார்டு:
எழுதித்தான் ஆகணும். ஸ்கோர்கார்டு ஸ்கோர்கார்டுதான்.

புதுப்பந்து:
சரி சார், எழுதிக்கறேன். 34ல அந்த ஒண்ண கழிச்சா ஓப்பனரா 33. குக்குக்கு ஓப்பனரா 31, ஹேடனுக்கு 30. கழிச்ச பிறகும் அவருக்கு மேல யாரும் இல்ல.